பெட்டி வராத தேசம்

1969 ஜூலையில் நிலவில் மனிதன் கால் வைத்ததை உலகின் பல நாடுகளில் கோடிக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு வீட்டில்கூட அது தெரியவில்லை. பின்னர் அந்தப் படக்காட்சிகள் ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்தில் திரையிடப்பட்டபோது கூட்டம் முண்டியடித்தது. சில நிமிடக் காட்சிக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த நாட்டுக்கு வசதி இல்லாமல் இல்லை. தங்கமும் வைரமும் தோண்டி எடுக்கும் நாடு. ஜோஹன்னஸ்பர்க் அருகே ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில் தொலைதூர விண்கலங்களோடு தொடர்புகொள்ளும் நாசாவின் நிலையம் 1961 முதல் இயங்கிவந்தது. 1967 டிசம்பரில் மனித இதயத்தை ஓர் உடலிலிருந்து எடுத்து இன்னோர் உடலில் பொருத்தும் முதல் அறுவை சிகிச்சையை கேப் டவுன் மருத்துவமனையொன்றில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்துமுடித்தார். அவருடைய முகத்தை அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அவருடைய சொந்த நாட்டவர்கள் செய்தித்தாளில் பார்த்தார்கள்.

இந்தியாவிலும் அன்று டில்லியைத் தாண்டி எங்கும் தொலைக்காட்சி இல்லை. சென்னையில் நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15இல். தென்னாப்பிரிக்காவில் முறையான ஒளிபரப்பு தொடங்கியது 1976 ஜனவரி 5இல். ஐந்து மாதத்துக்கும் குறைவான இடைவெளிதான். ஆனால் இங்கே தாமதத்துக்குக் காரணம் பணம். அங்கே காரணம் பயம்.

அந்தப் பயத்துக்கு முகமாக இருந்தவர் ஆல்பர்ட் ஹெர்ட்சாக். 1958 முதல் பத்தாண்டு அஞ்சல் தந்தித் துறை அமைச்சராக இருந்தவர், முன்னாள் பிரதமர் ஒருவரின் மகன். தொலைக்காட்சியைப் பிசாசின் பெட்டி என்று சொல்லித் திரிந்தவர். பெற்றோரின் கட்டுப்பாட்டுக்குள் அடங்காத ஒரு குட்டி பயாஸ்கோப் வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்பது அவருடைய வாதம். பயாஸ்கோப் என்ற சொல் நம் தாத்தாக்களின் வாயில் இருந்ததுபோலவே தென்னாப்பிரிக்கர்களின் வாயிலும் திரையரங்கைக் குறிக்க நெடுநாள் இருந்தது. பிரதமர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். அணுகுண்டும் நச்சுவாயுவும்கூட நவீனமானவைதான், அதனால் அவை வேண்டியவை ஆகிவிடுமா என்ற ரீதியில் பேசினார்.

இந்தப் பேச்சுகளை இன்று படித்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். அப்படிச் செய்தால் விஷயம் கைநழுவிவிடும். ஏனென்றால் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல: மொழி பற்றிய அச்சம். ஆப்பிரிக்கானர்கள் எனப்படும், போயர் என்றும் அழைக்கப்பட்ட டச்சு வம்சாவளியினரின் மொழி அஃப்ரிகான்ஸ். 1899இலிருந்து 1902வரை நடந்த போயர் யுத்தத்தில் பிரிட்டிஷார் அமைத்த முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் நோயிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். கறுப்பின மக்களுக்கென்று தனியே போட்ட முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அவர்களைப் பற்றி நெடுங்காலம் யாரும் பேசவில்லை. அஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழித் தகுதியைப் பெற்றது 1925இல்தான். தொலைக்காட்சி வந்தால் நிகழ்ச்சிகளை இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வாங்க வேண்டும், வாங்கினால் வீடுகளில் ஆங்கிலம் ஆளும், பிள்ளைகள் தாய்மொழியை விட்டுவிடுவார்கள். இந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. மொழியை இழப்போமோ என்று அஞ்சும் எந்தச் சமூகமும் அதைப் புரிந்துகொள்ளும்.

ஆனால் மொழியச்சத்தின் கீழே இன்னொரு அச்சம் இருந்தது, அதுதான் அடித்தளம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும், சண்டையிடும், காதலிக்கும் காட்சிகள் வெளிநாட்டுப் படங்களில் வரும். தனித்தனிக் குடியிருப்பு, தனித்தனிப் பள்ளி, தனித்தனிப் பேருந்து, பூங்காவில் தனித்தனி இருக்கை என்று சட்டம் போட்டுப் பிரித்து வைத்தவர்களுக்கு அது பொறுக்குமா? சுவர் எழுப்பி ஆள்பவர்கள் முதலில் அடைக்கப் பார்ப்பது ஜன்னலைத்தான். கறுப்பர் என்ன பார்ப்பார் என்பதைப் போலவே வெள்ளையர் என்ன பார்ப்பார் என்பதும் அவர்களை உறுத்தியது.

தொலைக்காட்சி இல்லாத அந்த ஆண்டுகளில் வானொலி கொடிகட்டிப் பறந்தது. 1950 மே மாதம் தொடங்கிய ஸ்பிரிங்பாக் ரேடியோவின் தொடர் நாடகங்களுக்காகக் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டின் நேரத்தை மாற்றிக்கொண்டன. ‘ஸ்க்வாட் கார்ஸ்’ என்ற போலீஸ் துப்பறியும் தொடரில் கார் டயர் கிறீச்சிடும் ஓசை கேட்டதும் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த வெள்ளைப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். அந்தத் தலைமுறை வெள்ளையர்களின் நினைவுகளில் இந்த மாலைகள் பொன்னாக மின்னுகின்றன: வானொலி, வாசல் திண்ணை, சனிக்கிழமை பயாஸ்கோப், வீட்டில் படித்த புத்தகங்கள். அந்த ஏக்கம் பொய்யல்ல. ‘டிவி வராத காலத்தில்’ என்று பேச்சைத் தொடங்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் குரலில் இருப்பதும் அதுதான்.

அந்த ஏக்கத்துக்கு ஆதாரமும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு சிறு ஊர் பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973வரை அங்கே அலைவரிசை எட்டவில்லை. டேனிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் தொலைக்காட்சி வருவதற்குச் சற்று முன்பும், வந்து இரண்டாண்டுகள் கழித்தும் அவ்வூரை ஆராய்ந்தார்கள். ஊரின் அடையாளத்தை மறைக்க அதற்கு ‘நோடெல்’ என்று பெயரிட்டார்கள். ஒரே சேனல் தெரியும் ஊர் ஒன்றையும் பல சேனல் தெரியும் ஊர் ஒன்றையும் அருகில் வைத்து ஒப்பிட்டு, 1986இல் நூலாக வெளியிட்டார்கள். பெட்டி வருவதற்கு முன் நோடெல் பிள்ளைகள் கற்பனைத் திறனிலும் வாசிப்பிலும் மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகளைவிட முன்னே இருந்தார்கள். ஊர்க்கூட்டம், நடனம், விளையாட்டுப் போட்டி என்று எதிலும் வயதானவர்கள்வரை கலந்துகொண்டார்கள். இரண்டே ஆண்டில் அந்த முன்னிலை கரைந்தது. பிள்ளைகளின் விளையாட்டில் அடிதடி கூடியது.

நோடெலை மறித்தது மலை. தென்னாப்பிரிக்காவை மறித்தவர் அமைச்சர். இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விட்டால் பொற்காலக் கதை மட்டும்தான் மிஞ்சும். மலை எல்லோரையும் ஒன்றுபோல மறிக்கும். அமைச்சர் ஆள் பார்த்து மறிப்பார். வெள்ளைக் குடும்பம் வானொலி நாடகம் கேட்டுக்கொண்டிருந்த அதே மாலையில், ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே இல்லை. கறுப்பின மக்களுக்கென்று ‘ரேடியோ பாண்டு’ என்ற சேவையை அரசு 1960இல் தனியே தொடங்கியது. அதைப் புதிய பண்பலையில் விட்டார்கள். வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களிடமிருந்து கறுப்பின நேயர்களின் காதைத் திருப்புவது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தச் சேவைக்காக ஜுலுவிலும் கோசாவிலும் எழுதி நடித்த கலைஞர்கள் தந்த நாடகங்களை மக்கள் உயிராக நேசித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டிப்போட வந்த கருவியிலும் கலைஞர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

பயந்தவர்களை அசைத்தது இன்னொரு பயம். செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. விரைவில் வானத்திலிருந்து நேராக வீட்டுக்குள் வெளிநாட்டுப் படங்கள் இறங்கும், அப்போது தடுக்க வழியிருக்காது. 1968இல் ஹெர்ட்சாக்கிடமிருந்து பதவி பறிபோயிற்று. நிலவுப் பயணத்தைப் பார்க்க முடியாமல் போனதில் மக்களுக்குள் எரிச்சல் ஏறியிருந்தது. அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் பீட் மேயர், அரசு ஒலிபரப்புக் கழகத்துக்கும் தலைவர், ‘புரூடர்பாண்ட்’ என்ற ஆப்பிரிக்கானர் ரகசிய அமைப்புக்கும் தலைவர். தொலைக்காட்சி வரட்டும், ஆனால் நம் கைப்பிடிக்குள் வரட்டும் என்பது 1971இல் வெளியான அறிக்கையின் சாரம். ஜோஹன்னஸ்பர்க்கின் பிரிக்ஸ்டன் மேட்டில் 1960களின் தொடக்கத்தில் எழுப்பிய உயரமான கான்கிரீட் கோபுரத்துக்கு ஆல்பர்ட் ஹெர்ட்சாக் கோபுரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வானொலிக்காகக் கட்டிய அதிலிருந்துதான் தொலைக்காட்சி அலைகளும் புறப்பட்டன.

1975 மே 5இல் ஜோஹன்னஸ்பர்க்கில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. பெட்டி வாங்க முடியாதவர்கள் கடைகளின் கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தார்கள். 1976 ஜனவரி 5 மாலை பிரதமர் ஃபோர்ஸ்டர் திரையில் தோன்றிச் சேவையைத் தொடங்கிவைத்தார். எடுத்த எடுப்பிலேயே வண்ணம். பிந்தி வந்ததால் கிடைத்த லாபம் அது. ஒரே சேனல், மாலையில் சில மணி நேரம், அதில் பாதி ஆங்கிலம், பாதி அஃப்ரிகான்ஸ். எந்த மொழிக்கும் முதலிடம் போய்விடக் கூடாது என்று முறை மாற்றி மாற்றி ஒளிபரப்பினார்கள். அத்தனை நுட்பமான நீதி இரண்டு மொழிகளுக்கு.

ஜுலு இல்லை. கோசா இல்லை. சோத்தோ இல்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் அப்போது நேட்டாலில் நான்கைந்து தலைமுறை கண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர், தெலுங்கர். அவர்களுடைய மொழிகளும் இல்லை. இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை முறித்துக்கொண்டது, அது சரியான முடிவு. ஆனாலும் அதன் விலையில் ஒரு பங்கை அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் கொடுத்தார்கள். டர்பன் கிரே தெருப் பகுதித் திரையரங்குகளில் இந்தியப் படம் பார்ப்பதுதான் அவர்களுக்கு வாரத்தின் பெரிய கொண்டாட்டமாக இருந்தது. தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு நேரம் ஒதுக்கிய ‘ரேடியோ லோட்டஸ்’ வந்தது 1983இல்தான். கறுப்பின மொழிகளுக்கென்று இரண்டு சேனல்கள் 1982இல் வந்தன. அவற்றையும் மொழி பிரித்து, இனம் பிரித்தே வைத்தார்கள். குடியிருப்பு போலவே அலைவரிசையும்.

மொழிக்காகப் பயந்தவர்கள் மொழியை என்ன செய்தார்கள் என்பது தொலைக்காட்சி வந்த ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 1975 அக்டோபரில், சோதனை ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், பார்ல் ஊருக்கு மேலே மலைச்சரிவில் அஃப்ரிகான்ஸ் மொழிக்கு ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். அந்த மொழியை வார்த்ததில் கேப் பகுதியின் அடிமைகளுக்கும் பங்கு உண்டு, அதன் பழைய பிரதிகளில் சில அரபு எழுத்தில் எழுதியவை. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெள்ளை மொழியாக அதைக் கொண்டாடினார்கள். கறுப்பினப் பள்ளிகளில் பாதிப் பாடங்களை அஃப்ரிகான்ஸில் நடத்த வேண்டும் என்ற ஆணை அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. 1976 ஜூன் 16இல் சொவெட்டோ மாணவர்கள் அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். காவல்துறை சுட்டது. குண்டடிபட்ட ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை இன்னொரு இளைஞர் கையில் ஏந்தி ஓட, அவன் அக்கா அலறிக்கொண்டு கூடவே ஓடும் படத்தை சாம் ன்சிமா எடுத்தார். நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. உலகின் மனசாட்சியை உலுக்கியது ஒரு செய்தித்தாள் புகைப்படம். ஒரு மொழியை ஆங்கிலத்திடமிருந்து காப்பாற்றத் திரையை இருபது ஆண்டு மறுத்தவர்கள், பிள்ளைகளின் நாக்கில் அதைத் துப்பாக்கி முனையில் திணித்து, அம்மொழி மீது தீராத வெறுப்பை விதைத்தார்கள். அஃப்ரிகான்ஸுக்கு ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் எதுவும் செய்திருக்க முடியாத தீங்கு இது.

நிறவெறி ஆட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு விற்கத் தடை போட்டது. அதனால் அமெரிக்கத் தொடர்கள் குவிந்தன. பலவற்றுக்கு அஃப்ரிகான்ஸில் குரல் கொடுத்தார்கள். 1986க்குப் பிறகு மூல ஆங்கில ஒலியை அதே நேரத்தில் வானொலியில் விட்டார்கள். டிவியின் குரலை அடைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவைத் திருகிவைத்துப் பார்த்த குடும்பங்கள் உண்டு. 1980களின் நடுவில் அங்கே வெள்ளை வீடுகளில் பெரும் வரவேற்பைப் பெற்ற தொடர்களில் ஒன்று ஒரு கறுப்பின மருத்துவர் குடும்பத்தின் கதையான ‘தி காஸ்பி ஷோ’. வாராவாரம் அந்தக் குடும்பத்தைத் தங்கள் கூடத்துக்கு அழைத்தவர்கள், உண்மையில் ஒரு கறுப்பின மருத்துவர் பக்கத்து வீட்டை வாங்கச் சட்டம் அனுமதிக்காத நாட்டில் வாழ்ந்தார்கள். ஹெர்ட்சாக் பயந்தது நடந்ததா? திரையில் நடந்தது. தெருவில் நடக்க இன்னும் சில ஆண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன. பார்ப்பது மட்டும் மனிதரை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை, பார்த்தால் கெட்டுவிடுவார்கள் என்ற ஹெர்ட்சாக்கின் நம்பிக்கையைவிட உறுதியானதல்ல.

இந்த நாட்டைச் சோதனைச்சாலைபோலப் பயன்படுத்திய ஆய்வும் உண்டு. பிராண்டன் சென்டர்வால் என்ற அமெரிக்க மருத்துவர் 1989இலும் 1992இலும் வெளியிட்ட கட்டுரைகளில் அமெரிக்க, தென்னாப்பிரிக்க வெள்ளையரிடையேயும் கனடாவிலும் கொலை விகிதத்தை ஒப்பிட்டார். 1945 முதல் 1974வரை அமெரிக்காவில் 93 சதவீதமும் கனடாவில் 92 சதவீதமும் கூடியது. தொலைக்காட்சி இல்லாத தென்னாப்பிரிக்காவில் 7 சதவீதம் குறைந்தது. பெட்டி வந்தபின் 1987க்குள் அங்கேயும் 130 சதவீதம் எகிறியது. தொலைக்காட்சியின் தீமையைச் சொல்ல இந்த எண்களைப் பலரும் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் அந்தப் பதினோரு பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நாட்டில் வேறென்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா? சொவெட்டோ, எல்லைப் போர், நெருக்கடி நிலை, தெருவெங்கும் துப்பாக்கி. வாழ்நிலை வேறு என்பதால் கறுப்பினத்தவரின் மரணங்களை ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. ஒப்பீட்டுக்கு அது வசதியான முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் அந்நாட்டில் வன்முறையின் பெரும்பங்கைச் சுமந்தவர்களை விட்டுவிட்டு வன்முறையின் காரணத்தைத் தேடினால் கிடைக்கும் விடையை நம்ப முடியாது.

1985 நவம்பரில் கலவரப் பகுதிகளைப் படமெடுக்க அரசு தடை விதித்தது. அதுவரை கண்ணீர்ப்புகையும் சாட்டையும் அமெரிக்க, பிரிட்டிஷ் மாலைச் செய்திகளில் ஓடிக்கொண்டிருந்தன. உலகம் பார்த்த தென்னாப்பிரிக்காவைத் தென்னாப்பிரிக்கர்கள் பார்க்கவில்லை. 1988 ஜூனில் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சியை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒளிபரப்பின. அவர் சிறையிருந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. பெட்டி வந்துவிட்டது, பார்வை வரவில்லை.

கைதிகளின் படத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் இருந்ததால் மண்டேலா எப்படி இருப்பார் என்பதே ஒரு தலைமுறைக்குத் தெரியாது. 1990 பிப்ரவரி 11 ஞாயிறு மதியம் பார்ல் அருகே விக்டர் ஃபெர்ஸ்டர் சிறை வாசலை நோக்கி கேமராக்கள் காத்திருந்தன. சொன்ன நேரம் கடந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியும் அவர் வரவில்லை. நாடே பெட்டி முன் உட்கார்ந்திருந்தது. பிறகு நரைத்த முடியோடு, நிமிர்ந்த நடையோடு ஒருவர் மனைவி வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அந்த நிமிடத்தைப் பற்றி அவருடைய தன்வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. தொலைக்காட்சிக் குழு ஒன்று நீண்டு, கறுத்து, ரோமம் அடர்ந்த ஏதோ ஒன்றை அவர் முகத்தருகே நீட்டியது. தான் சிறையிலிருந்த காலத்தில் கண்டுபிடித்த புது ஆயுதமோ என்று அவர் பின்வாங்கினார். அது மைக் என்று வின்னி சொல்லித் தெரிந்துகொண்டார். இருபத்தேழு ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்பதை எந்தக் கணக்கைவிடவும் அந்தப் பின்வாங்கல் சொல்லிவிடுகிறது.

அதே மனிதர் மூன்றே ஆண்டில் அந்தக் கருவியைக் கையாண்ட விதம் இந்தக் கதையின் உச்சம். 1993 ஏப்ரல் 10இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே போலந்திலிருந்து குடியேறிய வெள்ளையர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. அதிபர் டி கிளெர்க். ஆனால் அரசுத் தொலைக்காட்சியில் நாட்டு மக்களை நோக்கிப் பேசி அமைதி கேட்டவர் எந்த அரசுப் பதவியும் இல்லாத மண்டேலா. கொன்றவர் வெள்ளையர் என்பதைச் சொன்னார். கார் எண்ணைக் குறித்துச் சொல்லி அவர் பிடிபடக் காரணமானவர் ஓர் ஆப்பிரிக்கானர் பெண் என்பதையும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் அன்று பெரிய காரியம். பிரிந்து கிடந்த கூடங்களில் எல்லாம் ஒரே முகம் தெரிந்த வேளை அது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் அந்தத் திரையைத் திறந்துவைத்த ஃபோர்ஸ்டருக்கு இப்படி ஒரு பயன் கனவிலும் தோன்றியிருக்காது.

1996இல் டெஸ்மண்ட் டூட்டூவின் தலைமையில், நிறவெறிக் காலக் கொடுமைகளை ஆராயும் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியபோது, மாக்ஸ் டு ப்ரீஸ் என்ற ஆப்பிரிக்கானர் பத்திரிகையாளர் அதைப் பற்றிய சிறப்புத் தொகுப்பை ஞாயிறு மாலைகளில் வழங்கினார். 1998வரை அது ஓடியது. மகனின் எலும்பைத் தேடும் தாய்மார்கள் அதில் பேசினார்கள். 1997இல் ஒரு காவல் அதிகாரி, கைதிகளின் தலையில் ஈரத் துணிப்பையை மாட்டி மூச்சுத்திணற வைத்த முறையை, தான் சித்திரவதை செய்தவர்களின் முன்னிலையிலேயே தரையில் குப்புறப் படுத்த ஒருவர் மீது செய்து காட்டினார். தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று கூறிவந்த வெள்ளைக் குடும்பங்களின் கூடத்துக்கு அந்தப் பை வந்து சேர்ந்தது. பலர் சேனலை மாற்றியிருப்பார்கள். மாற்றியவர்களும் எதைக் கண்டு மாற்றினார்கள் என்பதை அறிந்தே மாற்றினார்கள்.

யார் பார்க்கலாம் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. தென்னாப்பிரிக்கா இப்போது பழைய அனலாக் ஒளிபரப்பிலிருந்து டிஜிட்டலுக்கு மாற வேண்டும். மாறினால் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு கூடுதல் கருவி இல்லாமல் எதையும் பார்க்க முடியாது. ஏழை வீடுகளுக்கு அந்தக் கருவியை இலவசமாகத் தருவதாகச் சொன்ன அரசு, கொடுத்து முடிப்பதற்கு முன்பே பழைய ஒளிபரப்பை நிறுத்த 2022 ஜூன் 30 என்று நாள் குறித்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த நாளை ரத்து செய்தது. அமைச்சர் முறையாக அறிவிக்கவில்லை, மக்களின் கருத்தைக் கேட்கவில்லை, ஏழைகளின் தகவல் பெறும் உரிமை இதில் அடங்கியிருக்கிறது என்றது தீர்ப்பு. அடுத்துக் குறித்த 2025 மார்ச் 31ஆம் தேதியையும் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.